மகத்துக்குப் பக்கத்தில் உப்புக்காற்று

உயர்தர வகுப்பு விடைத்தாளில் ஒரு பிள்ளை ‘சோடியம் குளோரைட்டு மூலக்கூறு’ என்று எழுதினால் சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டு விடுவேன். இரசாயனவியல் படிப்பிக்கிற எவரும் அப்படித்தான் செய்வார்கள். கறிக்குப் போடும் உப்பில் மூலக்கூறு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு சோடியம் அயனைச் சுற்றி ஆறு குளோரைட்டு அயன், ஒரு குளோரைட்டைச் சுற்றி ஆறு சோடியம் என்று பளிங்கு முழுக்க அடுக்கிக்கொண்டே போகும். இந்தச் சோடியத்துக்குரிய குளோரின் இதுதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

ஆனால் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் சோடியாகச் சேர்ந்து, வேறு எதனோடும் ஒட்டாமல், வாயுவாகப் பறந்து திரிகிற இடம் ஒன்று வானத்தில் இருக்கிறது. அங்கே உப்புக்கு மூலக்கூறு உண்டு. உப்புக்கு மட்டுமல்ல: அலுமினியம், பொற்றாசியம், மக்னீசியம், கல்சியம், இரும்பு என்று நாம் கட்டியாகவும் தூளாகவும் மட்டுமே பார்த்துப் பழகிய உலோகங்கள் அங்கே ஒவ்வோர் அணுவாக வேறு அணுக்களோடு கூட்டுச் சேர்ந்து காற்றில் போகின்றன. அதைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதவேண்டும் என்று கன காலமாக ஆசை.

இடம் எங்கே என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் இரவு 9 மணியளவில் மட்டக்களப்பில் எங்கே நின்றாலும் சரி, அண்ணாந்து பாருங்கள். கல்லடிப் பக்கம் தெருவிளக்கு வெளிச்சம் அதிகம். வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால், அறுவடை முடிந்த வயல்வெளியில் வானம் முழுதாகக் கிடைக்கும். உச்சிக்குக் கிட்ட, தாக்கத்தி மாதிரி வளைந்த ஒரு நட்சத்திர வரிசை தெரியும். அதன் பிடி நுனியில் பளிச்சென்று நிற்பது மகம். மாசி மகத்தன்று பூரணச் சந்திரன் பக்கத்தில் வந்து நிற்குமே, அதே மகம். அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 5 பாகை, அதாவது கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் மறைகிற அளவு தள்ளிப் பாருங்கள். அந்த இடத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான் சொல்லவந்த நட்சத்திரம் அங்கேதான் இருக்கிறது. மட்டக்களப்பின் அகலக்கோடு வடக்கே 7.7 பாகை, அந்த நட்சத்திரத்தின் வான் அகலக்கோடு வடக்கே 13 பாகை. ஆகவே அது எங்கள் தலைக்கு மேலாக, உச்சியிலிருந்து 6 பாகைகூட விலகாமல் கடந்து போகிறது. இதை ஆராய்கிற பெரிய தொலைகாட்டிகள் ஸ்பெயினிலும் சிலியிலும் உள்ளன. அங்கே இருப்பவர்களுக்குக்கூட அது இவ்வளவு உச்சியில் வருவதில்லை.

அதன் பெயர் சிடபிள்யூ லியோனிஸ். ஆய்வாளர்களின் புழக்கத்தில் ஐ.ஆர்.சி. +10216. கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலையில் ஜெரி நொய்கெபவரும் ரொபேட் லெய்ட்டனும் தாங்களே செய்த தொலைகாட்டி ஒன்றைக்கொண்டு அகச்சிவப்பில் வானத்தைத் துழாவினார்கள். அந்தப் பட்டியல் 1969இல் வெளியானது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொருள், 5 மைக்ரோன் அலைநீளத்தில் பார்த்தால் சூரியக் குடும்பத்துக்கு வெளியே வானத்திலேயே மிகப் பிரகாசமானது என்று அந்தத் தேடலில்தான் தெரியவந்தது. தன் தூசியைத் தானே போர்த்திக்கொண்டு நிற்கிற நட்சத்திரம் அது. உள்ளே இருக்கும் ஒளியைத் தூசி விழுங்கி வெப்பமாக வெளியே விடுகிறது. தூரம் சுமார் 400 ஒளியாண்டு. இன்றிரவு நமக்கு வந்து சேருகிற அதன் கதிர், மட்டக்களப்பின் புளியந்தீவில் போர்த்துக்கீசர் 1628இல் கோட்டை கட்டிய காலத்தையொட்டிப் புறப்பட்டது.

இது முதிர்ந்த நட்சத்திரம். ஐதரசன் எரிந்து தீர்ந்து, உள்ளே ஈலியம் காபனாக மாறி, அந்தக் காபன் கொந்தளிப்பில் மேற்பரப்புக்குக் கிண்டி எடுத்து வரப்பட்ட நிலை. சூரியனில் காபன் அணுக்களைவிட ஒட்சிசன் அணுக்கள் அதிகம். ஏறத்தாழ இரண்டு மடங்கு. இங்கே நிலைமை தலைகீழ். எல்லாக் கதையும் இந்த ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. காபனும் ஒட்சிசனும் சேர்ந்த காபனோரொட்சைட்டுத்தான் இரண்டணு மூலக்கூறுகளிலேயே மிக உறுதியானது. வாயு ஆறத் தொடங்கியதும் முதல் வேலையாக இருவரும் கைகோத்து விடுவார்கள். எது குறைவோ அது முழுதும் தீரும், எது கூடுதலோ அது மிஞ்சும். ஒட்சிசன் மிஞ்சிய நட்சத்திரங்களைச் சுற்றி அலுமினியமும் தைத்தேனியமும் ஒட்சைட்டுகளாக நிற்கின்றன. காபன் மிஞ்சிய இந்த நட்சத்திரத்திலோ உலோகங்களுக்கு ஒட்சிசன் கிடைப்பதே இல்லை. அவை வேறு துணை தேடவேண்டும். யாரோடு போய்ச் சேர்கின்றன என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி.

வகுப்பில் இதைச் சொன்னபோது முன்வாங்கில் இருந்த ஒருத்தி கேட்டாள்: “ரீச்சர், உப்பு ஆவியாகுமா?” ஆகும். 801 பாகை செல்சியசில் உருகும், 1,400 பாகைக்கு மேல் போனால் கொதிக்கும். அந்த நட்சத்திரத்தின் மேற்பரப்போ 2,000 பாகைக்கு மேல்.

சின்ன வயதில் கண்ணூறு கழிக்கும்போது இதன் ஒரு துளியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அம்மம்மா கல்லுப்பும் செத்தல் மிளகாயும் கைக்குள் பொத்தித் தலையைச் சுற்றி, அடுப்பில் போடுவார். “தள்ளி நில்லு புள்ள, கண்ணுக்குள்ள தெறிக்கும்” என்பார். படபடவென்று வெடிக்கும். வெடித்த இடத்தில் நெருப்பு சட்டென்று கடும் மஞ்சளாக நிறம் மாறி அடங்கும். உப்பின் கொஞ்சம் ஆவியாகிப் பிரிந்து, சூடேறிய சோடியம் அணு 589 நனோமீற்றர் மஞ்சளை உமிழ்கிறது. ஆய்வுகூடத்தில் சுவாலைச் சோதனை என்று நாம் செய்வதும் இதையேதான். பொற்றாசியத்துக்கு இளமூதா, கல்சியத்துக்குச் செங்கல் சிவப்பு. மக்னீசியம் மட்டும் நிறம் எதுவும் காட்டாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தூசிக்குள் மறைந்து நிற்கும் நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வாயுவை நிறம் பார்த்து அறிய முடியாது. ஆனால் வாயுவில் மூலக்கூறுகள் சுழல்கின்றன. சுழற்சி ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கும்போது சில மில்லிமீற்றர் அலைநீளத்தில் ரேடியோ அலை வெளிவரும். தூசி அதைத் தடுக்காது. எந்த அதிர்வெண்ணில் வரும் என்பதை மூலக்கூறில் உள்ள அணுக்களின் திணிவும் பிணைப்பின் நீளமும் தீர்மானிக்கின்றன. ஆகவே ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதற்கே உரிய, ஏறத்தாழ சம இடைவெளியில் அடுக்கிய கோடுகள், அதாவது அலை வெளிவரும் குறித்த அதிர்வெண்கள், உண்டு. சோடியம் குளோரைட்டுக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ 13 கிகாஹேட்ஸ்.

1987இல் ஹொசே செர்னிச்சாரோவும் மிஷேல் கெலானும் ஸ்பெயினின் பிக்கோ வெலெட்டா மலையில் உள்ள 30 மீற்றர் தொலைகாட்டியால் இந்த நட்சத்திரத்தைப் பார்த்து, சோடியம் குளோரைட்டு, பொற்றாசியம் குளோரைட்டு, அலுமினியம் குளோரைட்டு மூன்றின் கோடுகளையும் கண்டார்கள். அலுமினியம் புளோரைட்டுக்கும் அடையாளம் இருந்தது, பின்னர் அதுவும் உறுதியானது. அலுமினியத்தோடு ஒரேயொரு குளோரின் மட்டும் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். நம் ஆய்வுகூடப் போத்தலில் இருப்பதில் ஓர் அலுமினியத்துக்கு மூன்று குளோரின்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது சமதானி விஷயம். சமதானி என்றால் ஒரே மூலகத்தின், திணிவில் மட்டும் வேறுபடும் அணுக்கள். குளோரினில் 35உம் 37உம் உண்டு. 37 பாரம் கூடியது, அதனால் அந்த மூலக்கூறு கொஞ்சம் மெதுவாகச் சுழலும், கோடு கொஞ்சம் கீழே இறங்கும். எவ்வளவு கீழே? இதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். ஒடுங்கிய திணிவு என்ற ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும்: இரண்டு திணிவையும் பெருக்கிக் கூட்டுத்தொகையால் பிரிப்பது. 23ஐயும் 35ஐயும் போட்டால் 13.88, 23ஐயும் 37ஐயும் போட்டால் 14.18. வகுப்பில் கல்குலேட்டரைத் தட்டிவிட்டு “இரண்டு வீதத்துக்குக் கொஞ்சம் மேல, ரீச்சர்” என்றாள் அதே பிள்ளை. வானத்திலும் அவ்வளவுதான். இரண்டு கோடுகளும் தனித்தனியாகத் தெரிகின்றன, எது எந்தக் குளோரின் என்று பிரித்துச் சொல்லமுடிகிறது. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த திணிவெண் 400 ஒளியாண்டுக்கு அப்பால் கோட்டை நகர்த்துகிறது என்பதைப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் முகத்தில் வந்த மாற்றத்துக்காகவே இதைத் திரும்பத் திரும்பப் படிப்பிக்கலாம்.

இந்த உப்புகள் இருப்பது நட்சத்திரத்துக்கு அருகே, சூடான உட்பகுதியில். அங்கே அடர்த்தி அதிகம், வெப்பம் அதிகம், அதனால் தாக்கங்கள் சமநிலையை எட்டுகின்றன. நாம் உயர்தரத்தில் படிப்பிக்கிற சமநிலைதான். வெளியே போகப் போக வாயு ஆறுகிறது, சிலிக்கன் காபைட்டும் கரிப்புகை போன்ற காபனும் தூசித் துணிக்கைகளாக உறைகின்றன. நட்சத்திர ஒளி அந்தத் தூசியைத் தள்ளுகிறது. தூசி வாயுவையும் இழுத்துக்கொண்டு போகிறது. இப்படிச் செக்கனுக்கு ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு பூமியின் திணிவு வெளியே கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். உலோகங்களில் பெரும்பகுதி தூசியில் ஒட்டிக்கொள்ளும். அத்தோடு வாயுவிலே உலோகத்தின் கதை முடிந்தது என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்.

அப்படி முடியவில்லை. இனித்தான் நல்ல பகுதி.

உப்பு கிடைப்பதற்கு ஒரு வருடம் முன்பே, 1986இல், கெலானும் செர்னிச்சாரோவும் கூட இருந்தவர்களும் இதே நட்சத்திரத்திலிருந்து ஒரு கோட்டு வரிசையைப் பிடித்திருந்தார்கள். இடைவெளி 11.9 கிகாஹேட்ஸ். ஒவ்வொரு கோடும் இரட்டையாகப் பிரிந்திருந்தது. அதாவது சோடி சேராத ஓர் இலத்திரன் உள்ள தனியுறுப்பு. நேர்கோட்டு மூலக்கூறு என்றும் தெரிந்தது. ஆனால் யார் என்று தெரியவில்லை. சிலிக்கனோ கந்தகமோ காபனோடும் ஐதரசனோடும் சேர்ந்த ஏதாவது இருக்கலாம் என்று நினைத்தார்கள். சைகை இருக்கிறது, ஆள் யார் என்று தெரியாது. ஏழு வருடம் அப்படியே போனது. 1993இல் ஜப்பானில் கவாகுச்சியும் உடன் உழைத்தவர்களும் ஆய்வுகூடத்திலேயே அந்த மூலக்கூறை ஆக்கி அதன் கோடுகளை அளந்தார்கள். வானத்துக் கோடுகளோடு ஒன்றுக்கொன்று பொருந்தியது. மக்னீசியம் ஐசோசயனைட்டு. மக்னீசியம், நைதரசன், காபன் என்ற வரிசையில் மூன்றே அணு. விண்வெளியில் கிடைத்த முதல் மக்னீசியச் சேர்வை. சுவாலையில் நிறம் காட்டாத உலோகம், ரேடியோவில் ஏழு வருடம் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

வானியல் கண்டுபிடிப்பு என்றால் தொலைகாட்டிக்குத்தான் எல்லாப் பெருமையும் போகிறது. இந்தத் துறையில் அது நியாயமில்லை என்பது என் எண்ணம். உலோகத்தை ஆவியாக்கி, குறைந்த அமுக்கத்தில் மின்னிறக்கத்தின் ஊடாக வேறு வாயுவோடு சேர்த்து, ஒரு கணம் மட்டுமே உயிரோடிருக்கும் மூலக்கூறின் கோட்டைத் துல்லியமாக அளக்கிற ஆய்வுகூடம் இல்லாவிட்டால் வானத்துக் கோடுகள் வெறும் கோடுகள்தான். அரிசோனாவில் லூசி ஸியூரிஸ் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த உலோக மூலக்கூறுகளுக்காகவே செலவழித்திருக்கிறார். மக்னீசியம் சயனைட்டு 1995இலும் அலுமினியம் ஐசோசயனைட்டு 2002இலும் வானத்தில் பிடிபட்டது அவருடைய குழுவால். பொற்றாசியம் சயனைட்டும், 2011இல் இரும்புச் சயனைட்டும் அப்படியே. இதில் ஒரு நுணுக்கம் பாருங்கள். சயனைட்டு, ஐசோசயனைட்டு இரண்டிலும் உலோகத்தோடு சேர்வது ஒரு காபனும் ஒரு நைதரசனும்தான், எந்த நுனியில் உலோகம் ஒட்டுகிறது என்பதில்தான் வேறுபாடு. மக்னீசியமும் அலுமினியமும் நைதரசன் பக்கம் பிணைவதையே விரும்புகின்றன. இரும்பு காபன் பக்கம் பிணைகிறது. சோடியமும் பொற்றாசியமும் எந்த நுனியிலும் ஒட்டாமல் பக்கவாட்டில் போய் நிற்கின்றன. மூலக்கூறு ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவத்தில் இருக்கும். ஆவர்த்தன அட்டவணையில் உலோகங்களின் குணம் வேறுபடுகிறது என்று நாம் சொல்வதை, அருகில் யாரும் இல்லாத வெறுவெளியில் ஒவ்வொன்றும் தனியே நின்று செய்துகாட்டுகிறது.

இனி இடம். உப்புகள் உள்ளே இருக்கின்றன என்றேன். மக்னீசியம் ஐசோசயனைட்டை வரைபடமாக்கிப் பார்த்தபோது நடுவிலே ஒன்றுமில்லை. வெளியே வளையம். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு தூரத்தில், உள்ளீடற்ற ஒரு ஓடாக அது நிற்கிறது. 14.5 கிலோமீற்றர் வேகத்தில் கணக்குப் போட்டால், நட்சத்திரத்தை விட்டு 600 வருடத்துக்கு மேல் பயணம் செய்த வாயு. அங்கே குளிர். அடர்த்தியும் மிகக் குறைவு. இவ்வளவு குளிர்ந்த, ஐதான இடத்தில் உலோகச் சேர்வை ஏன் பிறக்கவேண்டும்?

காரணம் வெளியிலிருந்து வருகிறது. சுற்றியுள்ள மற்ற நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி, ஓட்டின் விளிம்புக்குள் நுழைகிறது. தூசியில் ஒட்டாமல் தப்பி வந்த மக்னீசியம் அணுவிலிருந்து ஓர் இலத்திரனை அது எளிதில் பறித்துவிடும். மக்னீசியத்தின் அயனாக்கச் சக்தி காபனைவிட நன்றாகக் குறைவு, இதையும் நாம் வகுப்பில் படிப்பிக்கிறோம். இப்போது நேரேற்றம் பெற்ற மக்னீசியம் தனியே திரிகிறது. அதே இடத்தில் நீண்ட காபன் சங்கிலிகள் மிதக்கின்றன: ஐந்து, ஏழு காபன் அணுக்களை வரிசையாகக் கோத்து, ஒரு நுனியில் நைதரசனும் மறு நுனியில் ஐதரசனும் உள்ளவை. மக்னீசியம் அயன் போய் அதில் மோதுகிறது. சின்ன மூலக்கூறாக இருந்தால் மோதிய சக்தியை எங்கும் கொண்டுபோக வழியில்லாமல் இரண்டும் உடனே பிரிந்துவிடும். நீளமான சங்கிலி அந்தச் சக்தியைத் தன் அதிர்வுகளுக்குள் வாங்கிக்கொண்டு, மெல்ல ஒளியாக உமிழ்ந்து, மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு எங்கிருந்தோ ஓர் இலத்திரன் வந்து சேர்ந்ததும் அந்த அயன் உடைகிறது. உடைந்த துண்டுகளில் ஒன்றுதான் மக்னீசியம் ஐசோசயனைட்டு.

துண்டு வேறு இடத்தில் உடைந்தால்? வேறு சேர்வைகள் வரவேண்டும் அல்லவா? வந்தன. 2019இல் மூன்று, நான்கு காபன் கொண்ட சங்கிலியோடு மக்னீசியம் சேர்ந்த மூலக்கூறுகள் அகப்பட்டன. 2021இல் ஐந்தும் ஆறும். அந்த நீண்ட சங்கிலிகளின் கோடுகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் விழும். ஸ்பெயினின் யெபெஸில் உள்ள 40 மீற்றர் தொலைகாட்டி அதற்குத் தோதானது. 2023இல் அதே தொலைகாட்டியால் நேரேற்றத்தோடுள்ள மக்னீசியச் சங்கிலி அயன்களையே கண்டார்கள். கல்சியம் ஐசோசயனைட்டும் 2019இல் கிடைத்துவிட்டது. கல்சியம் தூசியோடு மிக இறுக்கமாக ஒட்டுகிற உலோகம். பின்னால் உள்ள ஒரு மங்கலான நட்சத்திரத்தின் ஒளி இந்த ஓட்டைக் கடந்து வரும்போது உறிஞ்சப்படுவதை மொரோனும் ஹக்கின்சும் 2010இல் ஆராய்ந்தபோது, வாயுவில் எஞ்சியிருந்த கல்சியம் மிகச் சொற்பமாக இருந்தது. அப்படியிருந்தும் ஒரு துளி தப்பி மூலக்கூறாகியிருக்கிறது. ஒன்றைச் சொல்லவேண்டும்: வாயுவில் தப்பிய உலோகத்தின் பெரும்பங்கு தனி அணுவாகவும் அயனாகவும்தான் போகிறது. மூலக்கூறுகள் அதில் சிறு பங்கு. ஆனால் அந்தச் சிறு பங்குதான் எங்கே என்ன நடக்கிறது என்று நமக்கு இடம் காட்டுகிறது.

‘நாம் எல்லோரும் நட்சத்திரத் தூசி’ என்று சொல்லிக் கைதட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது போதவில்லை. எந்த அணு, எந்த நட்சத்திரம் என்று கேட்கவேண்டும். படுவான்கரை வயலில் நெல் இலையின் பச்சையத்துக்கு நடுவே ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. அதைச் சமைத்தது இப்படியான காபன் நட்சத்திரம் அல்ல. மக்னீசியம் பெரும்பாலும் மிகப் பாரமான நட்சத்திரங்களில் ஆகி, அவை வெடிக்கும்போது வெளியே வருவது. இரும்பும் வெடிப்புகளிலிருந்தே வருகிறது. சிடபிள்யூ லியோனிஸ் தன் உலோகங்களில் பெரும்பகுதியைப் பிறக்கும்போதே பழைய வாயு மேகத்திலிருந்து முதுசமாக வாங்கி, இப்போது கையளித்துவிட்டுப் போகிறது. அது தானாகச் செய்து கொடுப்பது காபனும், நியூத்திரனை மெல்ல மெல்ல உறிஞ்சி உண்டாகிற சில பார மூலகங்களும். இலையில் உள்ள காபனைப் பற்றிக் கேட்டால், அதில் ஒரு பங்குக்கு இந்த வகை நட்சத்திரங்கள் உரிமை கோரலாம்.

இந்தத் தூசி கையிலும் கிடைத்திருக்கிறது. விண்கற்களுக்குள் சூரியனைவிட மூத்த சிலிக்கன் காபைட்டுத் துணிக்கைகள் இருப்பது 1987இல் தெரியவந்தது, வானத்து உப்பு கண்டுபிடிக்கப்பட்ட அதே ஆண்டு. அவற்றில் பெரும்பாலானவை இத்தகைய காபன் நட்சத்திரங்களின் காற்றில் உறைந்தவை. அவற்றின் சமதானி விகிதங்கள் அதைச் சொல்கின்றன. அவுஸ்திரேலியாவில் 1969இல் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் இவை நிறைய. பல துணிக்கைகளில் மக்னீசியம்-26 இருக்கவேண்டிய அளவைவிடக் கூடுதலாக இருக்கிறது. அந்தக் கூடுதல் மக்னீசியம், துணிக்கை உறைந்தபோது மக்னீசியமாக இருக்கவில்லை. கதிர்த்தொழிற்பாடுள்ள அலுமினியம்-26 ஆக உள்ளே போனது. அதன் அரைவாழ்வு, அதாவது பாதி அணுக்கள் மாறிவிட எடுக்கும் காலம், ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டு. இப்படியொரு நட்சத்திரம் தானே சமைத்த அலுமினியம், காற்றோடு வெளியேறும்போது காபைட்டுக்குள் மாட்டிக்கொண்டு, பூமி பிறப்பதற்கு முன்பே அங்கேயே மக்னீசியமாக மாறிவிட்டது. கதிர்த்தொழிற்பாடு படிப்பிக்கும் தவணையில் இதைத்தான் முதல் கணக்காகக் கொடுக்கப்போகிறேன்.